இருபது வளைவும் நடந்தே: சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு

வெள்ளி இரவு, சேலம்

நாளை விடிவதற்கு முன்னால் அஸ்தம்பட்டியிலிருந்து கிளம்பி ஏற்காடு வரை நடந்தே போகிறோம், நானும் மாமாவும். தூரம் முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் தூரத்தைவிட ஏற்றம்தான் விஷயம். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டரில் இருக்கிறது, ஏற்காடு 1,515 மீட்டரில், ஆக உயரம் மட்டுமே ஒன்றேகால் கிலோமீட்டர் ஏறியாக வேண்டும்.

பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். சேலத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பயணம் மனப்பாடம்: ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை, வாந்தி வராமல் இருக்கக் கையில் எலுமிச்சம்பழம், இருபது கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே போவது, மேலே இறங்கியதும் குளிர். கீழே சேலத்தையும் தெரியும், மேலே ஏரியையும் தெரியும், நடுவில் இருக்கிற மலை மட்டும் எங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. அதைப் பார்க்கத்தான் நடக்கிறோம்.

மாமா சேலத்து வெள்ளைக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மேக்னசைட்டை இங்கே எல்லோரும் வெள்ளைக்கல் என்றுதான் சொல்வோம். ஒரு கல்லைக் கையில் எடுத்தால் திருப்பிப் பார்க்காமல் கீழே போட மாட்டார். அவரோடு மலை ஏறுவதில் பாதி ஆசை எனக்கு அதனால்தான்.

எந்த வழி என்று சாயங்காலம் தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டே பேசி முடித்தோம். குப்பனூர் பக்கம் ஒரு சாலை மேலே போகிறது, அது இன்னும் சுற்று. காட்டுக்குள் மலைக்காரர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் ஒற்றையடிப் பாதைகளும் உண்டு, ஆனால் அது காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது, காட்டெருமையும் திரிகிற இடம். அதனால் அடிவாரம் வழியாகப் போகும் பழைய மலைச்சாலையேதான். தை மாதம், மழை இல்லை, காலையில் குளிர் இருக்கும். தண்ணீர், கடலை மிட்டாய், வெல்லம், தொப்பி, ஒரு டார்ச். அவ்வளவுதான் மூட்டை.

சனி, ஏற்காடு

காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வந்து சேர்ந்துவிட்டோம்.

நாலரை மணிக்கு அஸ்தம்பட்டியில் பால் வண்டிகளும் பேப்பர் கட்டுப் பிரிக்கிறவர்களும் மட்டும்தான். கோரிமேடு தாண்டும் வரை ஊர்தான், தெருவிளக்கு வெளிச்சத்தில் வேகமாக நடந்துவிட்டோம், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதற்கப்புறம் வீடுகள் விலகி இரண்டு பக்கமும் தோப்பும் வெறும் நிலமும் வர ஆரம்பித்தபோது எதிரில் மலை தெரிந்தது. வானத்தைவிடக் கறுப்பாக ஒரு மேடு, அதன் உச்சியில் சில விளக்குகள். அந்த விளக்குகள் இருக்கிற இடத்துக்கு இன்றைக்கு நம் காலால் போய்விடுவோம் என்று நினைத்தபோது ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அதை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

அடிவாரத்தில் சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில் டீ குடித்தோம். கடைக்கார அம்மா எங்கள் பையையும் காலையும் பார்த்துவிட்டு, "பஸ்ஸு வர நேரந்தான் கண்ணு, உக்காருங்க" என்றார். நடந்து போகிறோம் என்றதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "எங்க மாமியாரு காலத்துல நடந்துதான் போவாங்களாம், தலையில பழக்கூடையோட" என்றார். டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது இரண்டு பன் எடுத்துப் பையில் திணித்தார், அதற்குக் காசு வாங்கவே இல்லை.

சாலை அங்கேயே தூக்க ஆரம்பிக்கிறது. முதல் சில வளைவுகள் வரை மலை என்று சொல்ல முடியாத வறண்ட காடு. உசிலை, வேலம், கள்ளி, இடையிடையே மஞ்சள் மஞ்சளாக ஆவாரம்பூ. உசிலை மரத்தைக் காட்டி, "இதுதான் மாப்ளே அரப்பு மரம், உங்க அம்மா தீபாவளிக்குத் தலையில தேய்ச்சு விடுவாளே, அந்தத் தூள் இந்த இலைதான்" என்றார் மாமா. அரப்புத்தூளைக் கடையில் பாக்கெட்டில் மட்டுமே பார்த்தவன் நான். ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தேன், சின்ன வயதுக் குளியலறை வாசனை அப்படியே இருந்தது. மயில்கள் கத்திக்கொண்டே இருந்தன. கீழே சமவெளியில் ஒரு மெல்லிய மூட்டம்.

ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது அந்த எண் இன்னும் எத்தனை பாக்கி என்பதற்கான கணக்கு மட்டும்தான். நடக்கும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு காற்று, ஒரு மரம், ஒரு பாறை என்று ஆகிவிடுகிறது. வெயில் ஏறுவதற்குள் வறண்ட காடு முடிந்து மூங்கிலும் வெக்காலியும் தேக்கும் கலந்த காட்டுக்குள் வந்திருந்தோம். பாதி மரங்கள் இலை உதிர்த்து நின்றன. முள்ளிலவு மரங்களில் ஒரு இலை கிடையாது, கிளை நுனிகளில் மொட்டுகள் மட்டும் திரண்டிருந்தன, இன்னும் இரண்டு வாரத்தில் மரம் முழுக்கச் சிவப்பாக இருக்கும். காய்ந்த சருகு காற்றில் உருள்கிற சத்தம், எங்கோ ஒரு மரங்கொத்தி. காருக்குள் இருந்தால் இதில் எதுவும் கேட்காது.

சாலைக்காக மலையை வெட்டிய இடங்களில் பாறை அப்படியே வெளியே தெரிகிறது. மாமா அங்கேயெல்லாம் நின்றுவிடுவார். வெளியே பழுப்பேறிக் கிடக்கிற கல், உடைந்த முகத்தில் மட்டும் நீலச்சாம்பல் நிறத்தில், எண்ணெய் தடவியது மாதிரி ஒரு மினுமினுப்போடு இருந்தது. சார்னோகைட். ஏற்காடு இருக்கிற இந்தச் சேர்வராயன் மலையே பெரும்பாலும் இந்தக் கல்தான், வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. பூமிக்கு அடியில் ரொம்ப ஆழத்தில், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவான பாறை, மேலே இருந்ததெல்லாம் தேய்ந்து போய் இன்றைக்கு நம் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியிருப்பை நிறுவிய ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கு வைத்த கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. பிற்காலத்தில் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தக் கல்லை ஆராய்ந்து, சார்னோக்கின் பெயரையே இந்தப் பாறை வகைக்கு வைத்துவிட்டார். சென்னையில் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருப்பதும் இதே கல்தான். மாமா இதைச் சொல்லும்போது ஒரு கையைப் பாறை மேல் வைத்துக்கொண்டே சொன்னார். நானும் வைத்துப் பார்த்தேன். வெயிலிலும் சில்லென்று இருந்தது.

பாதி மலை ஏறியிருப்போம், ஒரு வளைவில் மரங்கள் விலகி மொத்தச் சேலமும் கீழே விரிந்தது. வீட்டு மொட்டை மாடியிலிருந்து ஒரு திசையில் ஒரு மலையைத்தான் பார்க்க முடியும், இங்கிருந்து பார்த்தால்தான் சேலம் மலைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பது புரிகிறது. நகரமலை, ஜருகுமலை, கோதுமலை, மேற்கே தனியாக நீளமாகப் படுத்திருக்கிற கஞ்சமலை. கஞ்சமலையில் இரும்புத் தாது இருக்கிறது, உருக்காலை அந்தப் பக்கம்தான். ஊருக்கும் மலைக்கும் நடுவில் வெளுத்துப் போன திட்டுகளாகத் தெரிவதுதான் மாமாவின் சுரங்கப் பகுதி. பச்சை நிலத்தில் சுண்ணாம்பு கொட்டியதைப் போல அப்படி ஒரு வெள்ளை. வெள்ளைக்காரர்கள் அதற்குச் சாக் ஹில்ஸ் என்றே பெயர் வைத்தார்கள், ஆனால் அது சாக்பீஸ் கல் அல்ல, மக்னீசியம் கலந்த தாது, உருக்காலை உலைகளின் உட்புறச் செங்கலுக்குப் போவது. முப்பது வருஷத்துக்கும் மேல் வேலை பார்த்த இடத்தை மாமா முழுசாக இப்போதுதான் மேலிருந்து பார்க்கிறார் போலிருந்தது. "அங்க, அந்த ரெண்டாவது குழி தெரியுதா, தண்ணி நிக்குதே, அதுலதான் நான் சேர்ந்தப்ப வேலை" என்றார். ரொம்ப நேரம் அங்கேயே நின்றோம். டீக்கடை அம்மா கொடுத்த பன்னை அங்கேதான் சாப்பிட்டோம்.

சாப்பிட்டோம் என்றால் சுலபமாக இல்லை. குரங்குகள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் கார்கள் வரிசையாக ஏற ஆரம்பிக்கின்றன, வளைவுகளில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கி பிஸ்கட், சிப்ஸ், வாழைப்பழம் என்று வீசுகிறார்கள். குழந்தைகள் சந்தோஷப்படுகிறார்கள், அது புரிகிறது. ஆனால் நடந்து போகிறவனுக்கு அதன் மறுபக்கம் தெரிகிறது. காட்டில் தளிரும் பழமும் பூச்சியும் தேடித் தின்ன வேண்டிய கூட்டம், குட்டிகளை வயிற்றில் கட்டிக்கொண்டு தார்ச்சாலை ஓரத்திலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. அடுத்த கார் வளைவில் திரும்பும்போது அவை சாலையின் நடுவில் இருக்கின்றன. இன்றைக்கு மட்டும் இரண்டு இடத்தில் டிரைவர்கள் கடைசி நொடியில் பிரேக் போட்டார்கள். ஒரு குரங்குக்கு முன்கை பாதிதான் இருந்தது. தயவுசெய்து எதையும் வீசாதீர்கள். காட்டில் அவற்றுக்குச் சாப்பாடு இருக்கிறது, நான் காலையிலிருந்து அதன் ஊடாகத்தான் நடந்து வந்தேன்.

சாலையில் பல இடங்களில் கம்பி வலைக்குள் கல் அடுக்கிய சுவர்களையும் புதிய கான்கிரீட் தடுப்புகளையும் பார்த்தோம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது இந்த மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. வெட்டுமுகத்தைக் கிட்டே நின்று பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரிகிறது. கீழே அசையாத பாறை, அதன் மேல் ஆள் உயரத்துக்கு மக்கிய செம்மண், அதற்கும் மேலே மரத்தின் வேர்கள். மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிப் பாறையைத் தொட்டதும் மேற்கொண்டு போக வழியில்லாமல் அங்கேயே தங்குகிறது. சாலைக்காக அடியை வெட்டிவிட்டதால் மேலிருக்கும் மண்ணுக்குத் தாங்கலும் இல்லை. வேர் இருக்கிற இடத்தில் நிற்கிறது, இல்லாத இடத்தில் வந்துவிடுகிறது.

பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரை கஷ்டமான நேரம். பேச்சு நின்றுவிட்டது. வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு, ஒரு வளைவுக்கு ஒரு தடவை உட்கார்ந்து, எழுந்து, மறுபடியும். பொதுவாக எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கம் நடந்தோம், வளைவு வந்தால் மட்டும் வெளிப்பக்கம் போய்விடுவோம், உள்பக்கம் ஒட்டி நடந்தால் இறங்கி வருகிற டிரைவருக்கு ஆள் இருப்பதே தெரியாது. மேலே போகிற பஸ் ஒன்றின் டிரைவர் வேகத்தைக் குறைத்து, "ஏறுறீங்களா?" என்று கையால் கேட்டார். இல்லை என்று கும்பிட்டோம், அவரும் சிரித்துக்கொண்டே ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

அப்புறம் ஒரு இடத்தில் காற்று மாறியது. எந்த வளைவு என்று சொல்ல மாட்டேன், நடந்து போய் நீங்களே கண்டுபிடியுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அது உடம்பில் எப்படி நடக்கிறது என்றால், முதலில் கழுத்துக்குப் பின்னால் வேர்வை காய்கிறது, அடுத்து நிழலில் நின்றால் லேசாகச் சிலிர்க்கிறது, அப்புறம்தான் கண் கவனிக்கிறது, சுற்றிலும் மூங்கில் போய்விட்டது, நேர் நேராக சில்வர் ஓக் மரங்கள் நிற்கின்றன, அவற்றின் மேல் மிளகுக் கொடி, அடியில் கரும்பச்சையாகக் காப்பிச் செடி. எஸ்டேட் வந்துவிட்டது.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியை இந்த மலைக்குக் கொண்டுவந்தார். நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். ஏற்காட்டின் அடையாளம் என்று நாம் படம் பிடிக்கிற காட்சியில் பாதி வெளியூரிலிருந்து வந்தது, மிளகுக் கொடி மட்டும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்தக் கொடி. காப்பிப் பழம் பறிப்பு முடியும் தறுவாயில் இருந்தது. ஒரு எஸ்டேட் வாசலில் களத்தில் பழத்தைக் கொட்டிக் காலால் கிளறிக்கொண்டிருந்தார்கள், புளித்த இனிப்பு வாசனை சாலை வரை வந்தது. கிளறிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், இப்படிப் பழத்தோடு காய வைத்தால் இரண்டு மூன்று வாரம் ஆகும், இடையில் மழை தொட்டால் பூஞ்சை பிடித்துவிடும், அதனால் சாயங்காலம் ஆனால் குவித்து மூடிவிட வேண்டும் என்று கையை நிறுத்தாமலே சொன்னார். நாம் குடிக்கிற ஒரு டம்ளருக்குப் பின்னால் இத்தனை பேர் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஏரி தெரிந்தது. சனிக்கிழமைக் கூட்டம், படகுக்கு வரிசை, மிளகாய் பஜ்ஜிக்கு அதைவிடப் பெரிய வரிசை. நாங்கள் பஜ்ஜி வரிசையில் நின்றோம். மாமா தட்டை வாங்கிக்கொண்டு ஏரியைப் பார்க்காமல், வந்த பக்கம் திரும்பிப் பார்த்தபடியே சாப்பிட்டார்.

ஞாயிறு இரவு, சேலம்

காலையில் தொடை இரண்டும் கட்டையாக இருந்தது, நடக்க நடக்கச் சரியாகிவிட்டது.

முதலில் ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்குப் போனோம். மாமாவுக்கு இது ஒரு நேர்த்திக்கடன் போல. ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவுக்கல் இங்கே இருக்கிறது. 1863இல் பல்லாவரத்தில் ஒரு கல்லை எடுத்து, இது மனிதன் கையால் செதுக்கிய ஆயுதம் என்று கண்டுகொண்டவர் அவர்தான். இந்தியாவில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பது அந்த ஒரு கல்லிலிருந்து தொடங்கியது. நிலவியல் துறையில் வேலை பார்த்து முடித்தபின் ஏற்காட்டிலேயே வீடு வாங்கி வாழ்ந்தார், 1912இல் கல்கத்தாவில் இறந்தபின் அவர் அஸ்தி இங்கே வந்தது. அவர் பல இடங்களில் தேடிச் சேர்த்த கற்கருவிகளைச் சென்னை அருங்காட்சியகம் வாங்கி வைத்திருக்கிறது.

அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரை உடன் வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர், 1882இல் இதே ஏற்காட்டில்தான் கண்ணை மூடினார். தமிழ்ப் பழமொழிகளைத் தேடிச் சேர்த்த ஒருவர், ஆதி மனிதன் செதுக்கிய கற்களைத் தேடிச் சேர்த்த இன்னொருவர், மாமனும் மருமகனுமாக இந்த மலையில் இருந்திருக்கிறார்கள். ஏரியிலிருந்து நடக்கிற தூரம்தான், ஆனால் நாங்கள் இருந்த நேரம் முழுக்க வேறு ஒருத்தரும் வரவில்லை. ஏற்காடு போகிறவர்கள் படகுக்கு முன்னாலோ பின்னாலோ இங்கே ஒரு கால் மணி நேரம் வந்து நின்றுவிட்டுப் போகலாம்.

அங்கிருந்து சேர்வராயன் கோயிலுக்கு நடை. 1,623 மீட்டர், இந்த மலையின் உச்சிப் பகுதி. எஸ்டேட்டுகளைத் தாண்டியதும் மண் செங்கல் நிறத்துக்கு மாறுகிறது, கால் பட்டால் தூள் பறக்கிறது. பாறை லட்சக்கணக்கான வருஷம் மழையில் ஊறி, கரையக் கூடியதெல்லாம் கரைந்து போய், அலுமினியமும் இரும்பும் மிஞ்சிய மண். அதுதான் பாக்சைட். இந்த மலையிலிருந்து வெட்டி மேட்டூருக்குக் கொண்டு போய் அலுமினியம் எடுத்தார்கள். வெட்டிய இடங்கள் இன்றும் புல்லுக்கு நடுவே படிக்கட்டு படிக்கட்டாகத் தெரிகின்றன. சில இடங்களில் மரம் நட்டிருக்கிறார்கள், ஆனால் உச்சியில் பழைய புல்வெளி எப்படி இருந்ததோ அப்படித் திரும்பி வரவில்லை. அதைப் பார்க்க மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. சுரங்கத்தில் வேலை பார்த்த மாமாவும் ஒன்றும் சொல்லாமல்தான் நடந்தார்.

உச்சி கூர்மையாக இருக்கும் என்று நினைக்காதீர்கள், பெரிய திடல் மாதிரி சமதளம். கோயில் என்பது ஒரு குகை. குனிந்து, கிட்டத்தட்ட தவழ்ந்து உள்ளே போனால் ஈரமான பாறைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும். இந்தக் குகை உள்ளுக்குள்ளேயே காவிரி ஆறு வரை போகிறது என்று மலைமக்கள் நம்புகிறார்கள். வைகாசித் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்ட அத்தனை மலைக் கிராமமும் இங்கே கூடும்.

வெளியே விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். மலையாளி இனத்தவர். கேரளத்தோடு சம்பந்தமில்லை, தமிழ் பேசுகிற மலைவாழ் பழங்குடி. காஞ்சிபுரத்திலிருந்து கரிராமன் சாமியைத் தூக்கிக்கொண்டு மூன்று அண்ணன் தம்பிகள் வந்தார்களாம், பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கு, நடுவண்ணன் பச்சைமலைக்கு, சின்னண்ணன் கொல்லிமலைக்கு. "அதனால கொல்லிமலைக்காரன் எனக்குப் பங்காளி" என்றார். சேலத்திலிருந்து நடந்து வந்தோம் என்று மாமா பெருமையாகச் சொன்னார். பெரியவர் தலையை ஆட்டிவிட்டு, "எங்க ஐயா காலைல இறங்கி, சேலத்துல பலாவை வித்துட்டு, உப்பும் புகையிலையும் வாங்கிக்கிட்டு அன்னைக்கே ஏறி வந்துருவாரு" என்றார். மாமா எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

இறங்கும்போது பஸ்தான், முட்டிக்கு அதுவே நல்லது. நடக்க நினைக்கிறவர்களுக்கு: தையும் மாசியும் நல்ல மாதம், பங்குனி வந்துவிட்டால் கீழ்ப்பாதி கொதிக்கும். ஐந்து மணிக்கு முன்னால் கிளம்பினால் கார்க் கூட்டம் வருவதற்குள் பாதி மலை ஏறிவிடலாம், முடிந்தால் சனி ஞாயிறு வேண்டாம். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும், அடிவாரம் விட்டால் வழியில் கடையை நம்ப முடியாது. சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்க வேண்டாம். மழை பெய்த மறுநாள் என்றால், மலைப்பாதை திறந்திருக்கிறதா என்று அடிவாரத்திலேயே கேட்டுவிட்டு ஏறுங்கள்.